உட்கார்ந்தால் உட்கார்ந்துவிடும்!

- இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு



"உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும்" என்பது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. இதை ஏதோ வேலைக்குப் போகாத ஆளைத் திட்டுவதற்காகச் சொன்னது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பழமொழிக்கு நூற்றுக்கு நூறு பொருந்துகிற ஒரு பொருள் நம் ஏரியாவில் ஒவ்வொரு லாரியிலும், ஒவ்வொரு லாஞ்சிலும் இருக்கிறது. அதுதான் பேட்டரி! ஓடாமல் சும்மா கிடக்கும்போது அது தன்னைத்தானே தின்கிறது. "பேட்டரி உக்காந்துடுச்சுப்பா" என்று மெக்கானிக் அண்ணன்கள் சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லை. அதில் விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது.

குளிர் நாடுகளில் பழைய மாடல் கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலம் வந்தால் அதை ஷெட்டில் பூட்டி வைத்துவிடுவார்களாம். மூன்று நான்கு மாதம் கழித்து சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது. அதனால் பனிக்காலத்துக்கு முன்பே பேட்டரியை எப்படிப் பராமரிப்பது என்று அவர்கள் பெரிய விவாதமே நடத்துகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நமக்கு ஏது பனிக்காலம்? ராயபுரத்தில் மார்கழியில்கூட மின்விசிறி ஓடுகிறது. ஆனால் வண்டியை நிறுத்தி வைக்கும் காலம் நமக்கும் இருக்கிறதே! அதுதான் மீன்பிடி தடைக்காலம்.

அறுபத்தோரு நாள்

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற தடை நம் கிழக்குக் கடற்கரையில் 2001ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. முதலில் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் ஆனது. தடை நல்லதுதான், கடல் பிழைத்தால்தான் நாம் பிழைப்போம். அதைப் பற்றி இங்கே நான் வாதம் செய்ய வரவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. இந்த 61 நாளும் காசிமேடு துறைமுகத்தில் லாஞ்சுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. வலையைப் பின்னுகிறார்கள். பலகை மாற்றுகிறார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள். இன்ஜினைக்கூட இறக்கி வேலை பார்க்கிறார்கள். பேட்டரியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை! அதுவும் எந்த மாதத்தில்? கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில்! 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வெயில் பதிவானது. அப்படிப்பட்ட மாதத்தில் மூடிய இன்ஜின் அறைக்குள் பேட்டரி வேகிறது.

குளிர் நாட்டுக்காரன் குளிரைப் பார்த்துப் பயப்படுகிறான். முழுக்க இறங்கிப்போன பேட்டரியில் இருக்கும் திரவம் ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரியிலேயே உறைந்து, பெட்டியே வெடித்துப்போகும். நமக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் நமக்கு எதிரி வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பேட்டரியை விட நம் பேட்டரிக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

லெட்-ஆசிட் பேட்டரியை 1859இல் பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தார். 160 வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஒரு பக்கம் ஈயம், இன்னொரு பக்கம் ஈய டையாக்சைடு, நடுவில் கந்தக அமிலமும் தண்ணீரும். கரன்ட் எடுக்கும்போது இரண்டு பிளேட்டிலும் லெட் சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அந்த சல்ஃபேட் கரைந்து பழையபடி ஆகிறது. இது நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதியதுதான்.

பரீட்சையில் வராதது இதுதான். அந்த சல்ஃபேட் புதிதாக இருக்கும்போது மாவு மாதிரி மெல்லிசாக இருக்கும், சார்ஜ் போட்டால் கரையும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பழுத்த சட்டியில் அடிப்பிடித்த சோறு மாதிரி! உடனே தண்ணீர் ஊற்றினால் போய்விடும், மூன்று நாள் காயவிட்டால் சுரண்டினாலும் வராது. பிளேட்டில் அந்த அளவு இடம் நிரந்தரமாகப் போச்சு. இதற்குப் பெயர்தான் சல்ஃபேஷன். பேட்டரி வேலை செய்து சாவதைவிட, இறங்கிய நிலையில் சும்மா கிடந்து சாவதுதான் இப்படி நிறுத்தி வைக்கும் வண்டிகளில் அதிகம்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போமா? 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. வயரிங்கில் எங்கோ ஒரு கசிவு, அல்லது அணைக்காமல் விட்ட ஒரு சின்ன கருவி, வெறும் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 61 நாளைக்கு 73.2 ஆம்பியர்-அவர்! முக்கால் பங்கு காலி. இது போக பழைய ஆன்டிமனி வகை பேட்டரி, நல்ல வெயிலில், ஒரு நாளைக்கு ஒரு சதவீதம் வரை தானாகவே இறங்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டிவிடும். ஜூன் 14 ராத்திரி என்ன மிச்சம் இருக்கும்?

செல்ஃப் எடுக்கலைன்னா என்ன ஆகும்?

"போனா ஒரு பேட்டரி, அதுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

என் அப்பா லாஞ்சில் வலை இழுக்கும் தொழிலாளி. அம்மா ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் வைத்து விற்பவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டி டிப்ளமா வரைக்கும் வந்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு இந்தக் கணக்கு புத்தகத்தில் இருந்து மட்டும் வரவில்லை, அடுப்பில் இருந்தும் வருகிறது. தடைக்காலத்தில் அரசு நிவாரணம் கொடுக்கிறது. ஆனாலும் இரண்டு மாதத்தில் எங்கள் தெருவில் தண்டல் வாங்காத வீடு குறைவு. எல்லாக் கடனும் நம்பியிருப்பது ஒரே ஒரு நாளைத்தான், தடை முடிந்து போகும் முதல் நடை. அன்றைக்குத்தான் மீனும் கிடைக்கும், விலையும் கிடைக்கும்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வேலை செய்யும் லாஞ்சில் ஐஸ் ஏற்றியாச்சு, டீசல் போட்டாச்சு, அரிசி பருப்பு ஏற்றியாச்சு, சாமி கும்பிட்டு கற்பூரம் கொளுத்தியாச்சு. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்துப் படகில் பேட்டரி கேட்கலாம் என்றால் அவரவர் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார்கள். புது பேட்டரி வாங்கி மாட்டிக் கிளம்பும்போது மற்ற படகுகள் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டன. ஐஸ் பாதி உருகிவிட்டது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போகத்தான் பங்கு பிரிப்பார்கள். அந்த நடையில் பிரிக்க என்ன இருந்திருக்கும்? ஓனருக்கு ஒரு பேட்டரி விலை நஷ்டம். கூலியாளுக்கு இரண்டு மாசம் காத்திருந்த நடையே நஷ்டம்!

அது கரையில் நடந்தது, போகட்டும். கடலில் நடந்தால்? லாரி நின்றால் நாலு பேர் இறங்கித் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். நடுக்கடலில் லாஞ்சை யார் தள்ளுவது? இன்ஜின் எடுக்காது. வயர்லெஸ் செட் பேசாது. ஜி.பி.எஸ். காட்டாது. ராத்திரியில் விளக்கு எரியாது. நம் துறைமுகத்துக்கு முன்னால் பெரிய பெரிய சரக்குக் கப்பல்கள் போகும் பாதையில் விளக்கில்லாத ஒரு படகு மிதந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கரையில் ஒரு பொருள் என்று நினைக்கிற பேட்டரி, கடலில் எட்டு பேரின் உயிர்.

தவறான நம்பிக்கைகள்

நம்மிடையே பேட்டரி பற்றி உலவும் சில நம்பிக்கைகளை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று: "வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் இன்ஜினை ஓட்டினா போதும்." போதாது. செல்ஃப் அடிக்க எடுத்த கரன்டையே திரும்பக் கொடுக்கத்தான் அந்த ஐந்து நிமிஷம் சரியாக இருக்கும், அதுவும் இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ தருவது கொஞ்சம்தான். பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் நிரம்ப மணிக்கணக்கில் ஆகும். அவசரமாக ஊற்றினால் உள்ளே இறங்காது.

இரண்டு: "பேட்டரி வீக்கா இருக்கா, கொஞ்சம் ஆசிட் ஊத்து." இது பெரிய தவறு. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அமிலம் போவதில்லை. அளவு குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். ஆசிட் ஊற்றினால் அடர்த்தி அதிகமாகி பிளேட்டும் பிளேட்டுக்கு நடுவில் உள்ள தடுப்பும் அரிக்கும். குழாய்த் தண்ணீரும் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டால் அமிலத்தோடு சேர்ந்து குளோரின் வாயு வரும், அது மூச்சுக்கு விஷம்.

மூன்று: "தரையில வச்சா தரை கரன்டை இழுத்துடும்." இது நம் தாத்தா காலத்து மரப் பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்குச் சொன்னது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு இது பொருந்தாது. மேலே அழுக்கும் உப்புக் காற்றின் ஈரமும் படிந்தால் அதன் வழியாகத்தான் கரன்ட் கசியும். எனவே தரையைத் துடைப்பதைவிட பேட்டரியைத் துடையுங்கள்!

நான்கு: "ரெண்டுல ஒண்ணுதான் போச்சு, ஒண்ணு மட்டும் மாத்து." பெரிய இன்ஜின்களில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை சீரீஸில் போட்டு 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் சார்ஜ் இரண்டுக்கும் சமமாகச் சேராது. நொண்டி மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டிய கதைதான். கடைசியில் இரண்டும் படுத்துவிடும்.

என்ன செய்யலாம்?

ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு சார்ஜர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

1. தடை தொடங்குவதற்கு முன் பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் அவசரப்பட வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் வைத்து ஏற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். பக்கத்தில் பீடி கூடாது!

2. வயரைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பேனர் தவறி இன்ஜின் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. வயரைக் கழற்றினாலே அந்த 50 மில்லி ஆம்பியர் திருட்டு நின்றுவிடும்.

3. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவை சோடா உப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் மூடியை இறுக்கிவிட்டுக் கழுவ வேண்டும்.

4. முடிந்தால் பேட்டரியை இன்ஜின் அறையில் இருந்து எடுத்து நிழலான இடத்தில் வையுங்கள். திருட்டுக்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் தெரியாமலே பாதி நல்லது செய்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளும் முன் சார்ஜ் ஏற்றிவிட்டால் மீதியும் நல்லது.

5. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வோல்ட்டேஜ் பாருங்கள். சார்ஜர் எடுத்து சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். 12.6க்கு மேல் என்றால் முழுசு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே விடவே விடாதீர்கள், உடனே ஏற்றுங்கள்.

6. மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். முழு சார்ஜில் வகையைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை காட்டும். ஐந்து செல் ஒரு மாதிரி, ஒன்று மட்டும் 0.050 குறைவாக இருந்தால் அந்த செல் கிளம்பத் தயாராகிவிட்டது. அதை ஜூன் 14 ராத்திரி தெரிந்துகொள்வதைவிட மே மாதமே தெரிந்துகொள்வது மேல்.

7. கரன்ட் வசதி இல்லாத இடத்தில் ஒரு 10 வாட் சோலார் தட்டும் ஒரு சின்ன கன்ட்ரோலரும் போதும். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 ஆம்பியர்-அவர் தரும். பேட்டரி தானாக இறங்குவதைவிட அது அதிகம். பேட்டரியைக் கொல்லும் அதே கத்திரி வெயிலையே காவலுக்கு வைக்கலாம் பாருங்கள்!

இது லாஞ்சுக்கு மட்டும் இல்லை. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு போட்டபோது எத்தனை ஆட்டோ, எத்தனை லோடு வண்டி வாரக்கணக்கில் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். திறந்துவிட்ட அன்று சம்பாதிக்கப் போக வேண்டியவர்கள் பேட்டரிக் கடையில் நின்றார்கள். வேலை இல்லாமல் நிற்கும் கன்டெய்னர் லாரி, எப்போதாவது எடுக்கும் பழைய புல்லட், அம்பாசடர் எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான்.

"இப்பத்தான் லித்தியம் வந்துடுச்சே, இந்தப் பழைய ஆசிட் டப்பா எதுக்கு?" என்று எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் கேட்பார்கள். லித்தியத்தையும் நிறுத்தி வைக்க ஒரு முறை இருக்கிறது. லெட்-ஆசிட்டை முழு சார்ஜில் வைக்க வேண்டும், லித்தியத்தை ஏறக்குறைய பாதி சார்ஜில் வைக்க வேண்டும். எது வந்தாலும் தெரிந்து பராமரிப்பவன் தேவைதான். டெக்னாலஜி மாறும், பொறுப்பு மாறாது.

செத்த பேட்டரி எங்கே போகிறது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீக்கிரம் சாகும் ஒவ்வொரு பேட்டரியும் கிலோக்கணக்கில் ஈயம். முறையாக உருக்கினால் அது மறுபடி பேட்டரி ஆகும். ஆனால் சந்து பொந்தில் சுத்தியலால் உடைத்து, ஆசிட்டை சாக்கடையில் கொட்டி, அடுப்பில் உருக்கினால்? அந்தப் புகையும் தூசியும் முதலில் பாதிப்பது குழந்தைகளின் மூளையை. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது 80 கோடி குழந்தைகள் வரை, கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. முறையில்லாமல் பேட்டரி உருக்குவதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகவும் காட்டியது. நம் நாட்டில் 2001இலேயே இதற்கு விதிகள் வந்தன. 2022இல் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் என்று புதிதாக வந்தன. தயாரிக்கும் நிறுவனமே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. எனவே பழைய பேட்டரியை ஐம்பது நூறு அதிகம் தருகிறான் என்று தெருவில் போகும் ஆளிடம் போடாமல், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள். எண்ணூர் காற்றில் ஏற்கனவே இருப்பது போதும், ஈயமும் வேண்டாம்!

நம் பங்கு என்ன?

குறை சொல்வது எளிது. அதனால் நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன்.

ரத்ததான முகாம் நடத்துகிறோம். மரக்கன்று நடுகிறோம். பாராட்ட வேண்டிய விஷயம்தான். அதோடு வருஷத்துக்கு மூன்று நாள் "பேட்டரி பரிசோதனை முகாம்" நடத்தினால் என்ன? ஏப்ரல் முதல் வாரம் ஒன்று, மே நடுவில் ஒன்று, ஜூன் முதல் வாரம் ஒன்று. தேர்வு நேரமாயிற்றே என்பீர்கள். மூன்றே மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை போதும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரிக்கல் மூன்று பிரிவும் சேர்ந்து, பிரிவுக்கு ஐந்து பேர் போதும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வோல்ட்டேஜும் ஆறு செல்லின் அளவும் எழுதி வைத்தால், மூன்றாம் வருஷம் நம்மிடம் இருக்கும் நோட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லாத நோட்டாக இருக்கும். அதுவே நல்ல ஒரு பிராஜெக்ட்!

அங்கே போனால் "நேத்து பொறந்த பையன் எங்களுக்குச் சொல்லித் தர்றியா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். சத்தத்தை வைத்தே இன்ஜின் நோயைச் சொல்லும் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது கடல் அளவு இருக்கிறது. வோல்ட்டேஜ் சத்தம் போடாது. அதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். அந்த மீட்டரைப் பிடிக்கத்தானே நம்மை அனுப்பியிருக்கிறார்கள்! "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க, 12.1 காட்டுது" என்று பணிவாகச் சொன்னால் எந்தப் பெரியவரும் தட்ட மாட்டார்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். படித்தது எல்லாம் சர்டிஃபிகேட்டோடு ஃபைலில் போய்ப் படுத்துக்கொண்டால் அதற்கும் சல்ஃபேஷன் பிடித்துவிடும். எடுத்துப் பயன்படுத்தினால்தான் சார்ஜ் நிற்கும். அடுத்த ஏப்ரல் 15க்குள் ஒரு மல்டிமீட்டரோடு காசிமேட்டில் இறங்குவோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!